கட்ஆஃப் 186, பிசி: பாளை அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

கடையத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 94, இயற்பியல் 91, வேதியியல் 93, உயிரியல் 95. பொறியியலுக்குக் கட்ஆஃப் போட்டால், கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, 94 + 45.5 + 46.5, மொத்தம் 186 வருகிறது. பிசி. விண்ணப்பம் போட்டாயிற்று, ரேங்க் லிஸ்ட் இன்னும் வரவில்லை.

அவளுக்கு ஆசை கம்ப்யூட்டர் சயின்ஸ். அத்தான் லோடு வண்டி ஓட்டுகிறார், பாதி நாள் கேரளாவில்தான் இருப்பார். அக்கா பீடி சுற்றுகிறாள். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் நிலைமை இல்லை, வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பவும் அத்தானுக்கு மனசு இல்லை. கீழக்கடையத்தில் ஏறினால் நெல்லை ஜங்ஷன் வரை ரயில் இருக்கிறது, அதனால் பாளை அரசு பொறியியல் கல்லூரி கிடைத்துவிட்டால் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று ஒரு கணக்கு.

பிரச்சினை என்னவென்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்து சார் "கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும்" என்கிறார். விண்ணப்பம் போட்ட கடைக்காரர் "போன வருஷ கட்ஆஃபுக்கு ரெண்டு மார்க் குறையுது, மறந்துடுங்க" என்கிறார். நடுவில் கல்வி ஆலோசகர் என்று ஒருவர் அத்தானுக்கு போன் போட்டு, "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜிலேயே சீட் பிளாக் பண்ணித் தர்றேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் ஐடிஐ படித்துவிட்டு கோவையில் பம்ப் கம்பெனியில் இருக்கிறேன், எனக்கு இந்தக் கவுன்சிலிங் விவகாரம் ஒன்றும் பிடிபடவில்லை. உண்மையில் வாய்ப்பு எவ்வளவு, அதை எப்படிக் கணக்குப் போடுவது? கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரிக்கும் போட்டு வைக்கலாமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாளா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பேட்டை ரவுண்டானா

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 186 கஷ்டம்தான் தம்பி. ஈசி (எலக்ட்ரானிக்ஸ்), டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்) பாருங்கள். மெக்கானிக்கல், சிவில் என்றால் பயமே வேண்டாம். இன்னொன்று, கிடைக்காத கல்லூரியை லிஸ்டில் முதலில் போட்டு வாய்ப்பை வீணாக்காதீர்கள். கிடைக்கும் என்று தெரிந்ததை முதலில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் ஆசைப்பட்டதைப் போடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பெரிய கல்லூரியாக மேலே போட்டு, முதல் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் அல்லாடினான்.

தச்சை வாத்தியார்

கடையத்துக்காரரே, ரவுண்டானா அண்ணாச்சி சொன்னதில் இரண்டாவது பாதியைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வாய்ப்பைக் கணக்குப் போடுவது எப்படி என்று பார்ப்போம். நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவன், வருடா வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு லிஸ்ட் போட்டுக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது.

போன வருஷ கட்ஆஃபை இந்த வருஷ மார்க்கோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது பாதி ஏமாற்று. கணக்குப் பேப்பர் சுலபமாக வந்த வருடம் 186-க்கு மேல் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள், கடினமாக வந்த வருடம் அதே 186 எங்கேயோ முன்னால் நிற்கும். மதிப்பெண் அதேதான், வரிசையில் இடம்தான் வேறு. மார்க்கைப் பார்த்து யாரும் சீட் தருவதில்லை, ரேங்க் வரிசைப்படிதான் தருகிறார்கள். அதனால் ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுங்கள். லிஸ்ட் வந்ததும் மருமகளுக்கு இரண்டு எண் கிடைக்கும், பொது ரேங்க் ஒன்று, பிசி ரேங்க் ஒன்று. பாளை கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பிசி ரேங்க்தான் முக்கியம்.

ஒப்பிட என்ன வேண்டும்? முந்தைய வருடங்களின் ஒதுக்கீட்டுப் பட்டியல். ரேங்க், சமூகப் பிரிவு, கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு எல்லாம் வரிசையாக இருக்கும். பாளை அரசு பொறியியல் கல்லூரியின் குறியீடு 4974. அதைத் தேடி, கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிகளை மட்டும் எடுத்து, பிசி இடத்தில் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் பிசி ரேங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நிறைய பேர் சறுக்குவது: மாணவரின் சாதிப் பிரிவு ஒரு கட்டம், எந்தப் பிரிவு இடத்தில் ஒதுக்கினார்கள் என்பது இன்னொரு கட்டம். பிசி பிள்ளை ஓசி என்கிற பொதுப் போட்டி இடத்தில் போயிருக்கும். இரண்டாவது கட்டத்தில் பிசி என்று இருக்கும் வரிகளை மட்டும்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

ஒரு வருடம் போதாது, மூன்று வருடம் எடுங்கள். ஏன் என்றால், ஒரு வகுப்பில் 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்தில் நாலைந்து இடம் தனியே போய்விடும். மீதி 55 சொச்சத்தில் பிசிக்கு 26.5 சதவீதம், அதாவது சுமார் 15 இடம். பதினைந்தே பதினைந்து! மேலே இருக்கும் நாலு பிள்ளைகள் இந்த வருடம் கோவை பக்கம் போகலாம் என்று முடிவெடுத்தால் கடைசி ரேங்க் சட்டென்று பின்னால் போகும், அந்த நாலு பேரும் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று பாளையிலேயே நின்றுவிட்டால் முன்னால் வரும். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் போன வருடக் கணக்கு ஒரு கோடு மாதிரி நிற்காது, ஆடிக்கொண்டேதான் இருக்கும். "ரெண்டு மார்க் குறையுது, மறந்துடுங்க" என்பதும் தப்பு, "கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும்" என்பதும் தப்பு.

பேச்சுக்கு ஒரு எண் வைத்துச் சொல்கிறேன், நிஜ எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடத்தில் கடைசிப் பிசி ரேங்க் 3900, 4200, 4700 என்று இருந்ததாக வைப்போம். மருமகள் ரேங்க் 3900-க்குள் வந்தால் ஏறக்குறைய நிச்சயம். 3900-க்கும் 4700-க்கும் நடுவில் என்றால் இழுபறி. 4700-ஐத் தாண்டினால் ஆசைக்குப் போட்டு வைக்கலாம், நம்பி உட்காரக் கூடாது. இதே மாதிரி ஒவ்வொரு கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும் பக்கத்தில் "நிச்சயம், இழுபறி, ஆசை" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு பாடப்பிரிவில் புதிதாக இடம் கூட்டியிருந்தாலோ, அதே கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு மாதிரி புதுப் பிரிவு வந்திருந்தாலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் நெருக்கடி கொஞ்சம் தளரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சமமான மதிப்பெண். 186 என்று ஒரு பிள்ளை மட்டும் இருக்காது, பெரிய கூட்டமே இருக்கும். அதில் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், அதுவும் சமம் என்றால் இயற்பியல். மருமகளுக்குக் கணக்கில் 94. அதே 186-ஐக் கணக்கில் 98 வாங்கி எடுத்த பிள்ளை இவளுக்கு நிறைய இடம் முன்னால் நிற்கும். போன வருடக் கட்ஆஃப் 186 என்று எழுதியிருந்தாலே 186 எடுத்த அத்தனை பேருக்கும் கிடைத்தது என்று அர்த்தம் இல்லை. ரேங்கைப் பார்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போது வரிசை விவகாரம். மனசுக்கு எது ரொம்பப் பிடிக்கிறதோ அது முதலில், அப்புறம் அடுத்தது. வாய்ப்பு கம்மி என்பதற்காக எதையும் கீழே தள்ளக் கூடாது. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக வரும். மருமகள் முறை வரும்போது அவள் லிஸ்டில் முதல் வரியைப் பார்க்கும், இடம் இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் அப்போதே இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ரேஷன் கடையில் உங்கள் முறை வந்து நிற்கிறீர்கள், பச்சரிசி இருக்கா என்று கேட்கிறீர்கள், இல்லை என்றதும் புழுங்கலரிசி கேட்கிறீர்கள், அதற்குள் பின்னால் நிற்கிறவர் புழுங்கலை வாங்கிக்கொண்டு போய்விட முடியுமா? அதேதான். ஆசைப்பட்டதை மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ஆனால் பத்திரமானதை மேலே போட்டால் அதையே கொடுத்துவிட்டு நின்றுவிடும், இருந்தும் கிடைக்காமல் போவது ஆசைப்பட்டதுதான்.

இ-சேவை அக்கா, மேலப்பாளையம்

வாத்தியார் நல்லா விளக்கிட்டாங்க, நான் சான்றிதழ் பக்கம் சொல்கிறேன் தம்பி. 7.5-க்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம்ம ஜில்லாவில் பாதிப் பள்ளிக்கூடம் அரசு உதவிபெறும் பள்ளி, சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது என்பதற்காக அது அரசுப் பள்ளி ஆகிவிடாது. ஒவ்வொரு வருடமும் இதை யாராவது என் கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முகம் வாடித்தான் போகிறார்கள். ஆறு முதல் எட்டு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. உங்கள் மருமகள் எங்கே படித்தாள் என்று சொல்லுங்கள்.

வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்று உடனே போட்டுவிடுங்கள். ஆன்லைனில் போட்டாலும் தாசில்தார் ஆபீஸ் வரை போய்த்தான் வரும், கவுன்சிலிங் சமயத்தில் கூட்டம் தாங்காது. படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். சாதிச் சான்றில் பெயர், இனிஷியல் எல்லாம் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். "கா" விட்டுப்போனதற்காக ஓடி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

போன் போட்ட அந்த ஆளிடம் ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க நாய்படாத பாடு. அரசு இடத்தை யாரும் பிளாக் பண்ண முடியாது, அவர்கள் பிளாக் பண்ணுவதெல்லாம் தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடுதான்.

கடையத்துக்காரன்

வாத்தியார் சார், அக்கா, ரொம்ப நன்றி. மருமகள் ஆறிலிருந்து பத்து வரை உதவிபெறும் பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம். பதினொன்றும் பன்னிரண்டும்தான் அரசு மேல்நிலைப் பள்ளி. அப்போ 7.5 இல்லை என்று புரிகிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நம்பிக்கொண்டிருந்தாள். முதல் பட்டதாரி சான்றுக்கு நாளைக்கே போகச் சொல்கிறேன், அப்பா, அம்மா, அண்ணன், தாத்தா பாட்டி யாரும் டிகிரி இல்லை.

அந்தப் புரோக்கர் "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்" என்று சொன்னாரே, அது என்ன கணக்கு? நெல்லையில் இருக்கிற அண்ணா பல்கலை வளாகமும் அரசு பொறியியல் கல்லூரியும் ஒன்றா வேறா?

இ-சேவை அக்கா, மேலப்பாளையம்

புதுமைப்பெண் திட்டம் இருக்கு தம்பி, மாதம் 1000 ரூபாய். முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, 2024-லிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் 7.5 இல்லை என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நாலாம் வருஷம் ஈசி

வேற வேற அண்ணா. நான் பாளை அரசு பொறியியல் கல்லூரியில்தான் படிக்கிறேன். எங்கள் கல்லூரி 1981-ல் வந்தது, தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துவது. பக்கத்திலேயே இருக்கிற அண்ணா பல்கலை மண்டல வளாகம் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது, குறியீடு 4020. கொஞ்ச காலம் அது தனிப் பல்கலைக்கழகமாக இருந்து 2012-ல் திரும்ப அண்ணா பல்கலையோடு சேர்ந்தது. இரண்டுமே அரசு சார்ந்தவைதான், கட்டணம் கட்டுப்படியாகும். தூத்துக்குடி வஉசி பொறியியல் கல்லூரி, நாகர்கோவில் கோணம் கல்லூரி இவை இரண்டும் அண்ணா பல்கலையின் உறுப்புக் கல்லூரிகள், அதாவது பல்கலையே நடத்துபவை, அவற்றையும் விடாதீர்கள்.

ஆனால் "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்" என்று புரோக்கர் சொல்வது இணைப்புக் கல்லூரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலையோடு இணைந்தவைதான், டிகிரியில் அந்தப் பெயர் வரும், ஃபீஸ் மட்டும் தனியார் ஃபீஸ். கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி எல்லாம் வேறு ரகம், அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 186 போதாது.

ரயில் விஷயம் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை பாசஞ்சரில் என் வகுப்புப் பையன்கள் பாவூர்சத்திரத்திலிருந்தே வருகிறார்கள். அம்பை தாண்டியதும் உட்கார இடம் இருக்காது, கதவு பக்கம் சாய்ந்துகொண்டு ஒருத்தன் மடியில் ஒருத்தன் ரெக்கார்டு நோட்டு வைத்து எழுதிக்கொண்டு வருவான், வண்டி சேரன்மகாதேவியில் குலுங்கி நிற்கும்போது சர்க்யூட் படத்தில் கோடு எகிறிவிடும். ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். லேப் இருக்கிற நாளில் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். முடியாதது இல்லை, ஆனால் முதல் வருடம் மட்டுமாவது ஹாஸ்டல் நல்லது என்பது என் எண்ணம். கல்லூரி ஹாஸ்டல் செலவு அத்தான் நினைப்பது போல இருக்காது, விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியூர் என்று பயப்பட இது ஒன்றும் சென்னை இல்லையே.

வல்லநாட்டு உழவன்

கிள்ளிகுளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே படித்தவன். முதலில் ஒன்று, அது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி, பொறியியல் கவுன்சிலிங்கில் வராது, தனி விண்ணப்பம், தனி ரேங்க். பொறியியலுக்குப் போட்டோம், அதிலேயே வந்துவிடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்ஆஃப் கணக்கும் வேறு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நாலுக்கும் தலா 50. உங்கள் மருமகளுக்கு 47 + 45.5 + 46.5 + 47.5, ஆக 186.5 வருகிறது. பொறியியலை விட அரை மார்க் கூட, ஆனால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை, அரசு வேளாண் கல்லூரிகளில் பிஎஸ்சி வேளாண்மைக்குப் போட்டி மிக அதிகம், இடமும் குறைவு.

ஒரு சின்னச் சாதகம் உண்டு. மேலே இருக்கிற பிள்ளைகளில் ஒரு பங்கு நீட்டும் எழுதியிருக்கும். மருத்துவ இடம் கிடைத்ததும் அவர்கள் வேளாண்மையை விட்டுப் போவார்கள், பட்டியல் நகரும். ஆகவே முதல் ஒதுக்கீட்டில் வரவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் இதே கதைதான், அதுவும் தனி விண்ணப்பம்.

ஆனால் அவளுக்கு விவசாயம் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து நாற்று நடுவதிலிருந்து அறுப்பு வரை நம்மையே செய்யச் சொல்வார்கள். விடிகாலையில் சேற்றில் இறங்கி, அட்டை கடித்த காலோடு வகுப்புக்குப் போனது எல்லாம் உண்டு. கடைசி வருடம் கிராமத்தில் போய்த் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் விடுதியில் தங்கித்தான் படித்தோம், வீட்டிலிருந்து போய் வருகிற கதை அங்கே நடக்காது. அத்தானிடம் அதைச் சொல்லிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். கம்ப்யூட்டர் ஆசை உள்ள பிள்ளையை வாய்ப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே தள்ளாதீர்கள்.

பேட்டை ரவுண்டானா

வாத்தியார் ரேஷன் கடை உதாரணம் சரி, ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்றுமே வரவில்லையே, அது எப்படி? அவனும் ஆசைப்பட்டதை மேலேதான் போட்டான்.

தச்சை வாத்தியார்

அண்ணாச்சி, அவன் மொத்தம் எத்தனை போட்டான்?

பேட்டை ரவுண்டானா

ஏழோ எட்டோ. எல்லாம் சென்னை, கோவை பெரிய கல்லூரி.

தச்சை வாத்தியார்

அதுதான் விஷயம். ஆசையை மேலே போட்டதில் அவனுக்கு ஒன்றும் கெடவில்லை, கீழே ஒன்றும் போடாததில்தான் கெட்டது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரம்பே இல்லை, எட்டோடு நிறுத்துவானேன்? முன்னால் கிண்டிக்கு நேரில் போன காலத்தில், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, அப்பாவும் பிள்ளையும் ஹாலில் உட்கார்ந்து, திரையில் எங்கே எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்து அங்கேயே சொல்லிவிட்டு வருவார்கள். காலி இடம் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். 2018-ல் ஆன்லைன் வந்த பிறகு முன்கூட்டியே முழு லிஸ்டையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய பழக்கத்தில்தான் நிறைய வீடுகளில் இன்னும் பத்துக்கு மேல் யோசிப்பதில்லை, பத்திரமானதை முதலில் சொல்லு என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான்.

186-க்குப் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே அழைப்பு வந்துவிடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அதைத் தவறவிட்டால் இடம் போய்விடும். அது பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு கல்லூரியில் சேரலாம். லிஸ்டில் அதற்கு மேலே இருப்பது காலியானால் வேண்டும் என்றால் "ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, உதவி மையத்தில் பணத்தைக் கட்டிவிட வேண்டும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. இதனாலும்தான் உண்மையான ஆசை வரிசையில் லிஸ்ட் இருக்க வேண்டும் என்கிறேன். உங்களுக்குப் பிடிக்காத ஒன்று மேலே இருந்தால் அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

கடையத்துக்காரன்

சார், ராத்திரி மருமகளோடு போனில் பேசி ஒரு வரைவு போட்டோம். முதலில் பாளை 4974 கம்ப்யூட்டர் சயின்ஸ், அடுத்தது 4020 கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் 4974 ஈசி, 4020 ஈசி, தூத்துக்குடி வஉசி கம்ப்யூட்டர், நாகர்கோவில் கம்ப்யூட்டர், 4974 டிரிபிள் ஈ. மதுரை பக்கம் அத்தான் வேண்டாம் என்கிறார், அவள் வேண்டும் என்கிறாள், அது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிள்ளிகுளம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், அட்டை என்றதும் முடிந்தது.

தச்சை வாத்தியார்

நல்ல லிஸ்ட். மூன்று விஷயம் மட்டும். தூத்துக்குடி கம்ப்யூட்டரை விடப் பாளை ஈசி பிடிக்கும் என்றால் இப்படியே இருக்கட்டும், பாடப்பிரிவுதான் முக்கியம் என்றால் தூத்துக்குடியை மேலே ஏற்றுங்கள். அதை நான் சொல்ல முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியையும், 4974-ல் மெக்கானிக்கல், சிவிலையும் கடைசியில் சேருங்கள். இப்போது "சிவிலா?" என்று முகம் சுளித்தாலும் பரவாயில்லை, லிஸ்டில் இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் சத்தியமாகச் சேரமாட்டாள் என்றால் போட வேண்டாம்.

மூன்றாவது மதுரை. அத்தானிடம் அதைப் பற்றி இப்போது சண்டை போட வேண்டாம். ரேங்க் வரட்டும். நெல்லையில் கம்ப்யூட்டர் "நிச்சயம்" கட்டத்தில் விழுந்துவிட்டால் மதுரைப் பேச்சே எழாது. இழுபறியில் விழுந்தால் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள், எண்ணைக் காட்டினால் அவரும் கேட்பார்.

நாலாம் வருஷம் ஈசி

ஒன்று விட்டுப்போச்சு அண்ணா. லிஸ்டை லாக் பண்ணும்போது ஓடிபி வரும். விண்ணப்பத்தில் யாருடைய நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்? என் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் அப்பா நம்பர் கொடுத்துவிட்டு, அவர் கடலுக்குப் போயிருந்த சமயத்தில் ஊரே திண்டாடியது.

கடையத்துக்காரன்

ஐயோ, அத்தான் நம்பர்தான் கொடுத்திருக்கிறோம். புளியரை தாண்டி மலைக்குள் போய்விட்டால் அவருக்கு சிக்னலே இருக்காது. நம்பரை மாற்ற முடியுமா?

இ-சேவை அக்கா, மேலப்பாளையம்

உதவி மையத்தில் போய்க் கேளுங்கள் தம்பி, மருமகளையும் ஆதார், விண்ணப்ப நகலோடு கூட்டிக்கொண்டு போங்கள். அது முடியவில்லை என்றால் லிஸ்ட் போடுகிற மூன்று நாளும் அத்தானைக் கேரளா லோடு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தென்காசி உள்ளூர் லோடு ஓட்டட்டும். ஒதுக்கீடு வந்து பதில் சொல்கிற அந்த இரண்டு நாளும் அதேபோல.

கடையத்துக்காரன்

சரி அக்கா. நாளைக்கு சான்றுக்குப் போகிறபோதே இதையும் கேட்கச் சொல்கிறேன். ரேங்க் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.